வைத்த பொருளும் வாய்த்த பொருளும்

(சின்னங்களிலும் இலச்சினைகளிலும் உள்ள மறைபொருள், இருபொருள் குறித்து நிகழ்த்தப்பட்ட அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)

தாராசுரம் ஐராவதேசுவரர் கோயிலுக்குப் போகிறவர்களை வழிகாட்டிகள் தவறாமல் கொண்டுபோய் நிறுத்தும் சிற்பம் ஒன்று உண்டு. அளவில் சிறியது. ரிஷபகுஞ்சரம் என்பது பெயர். ஒரு பக்கம் காளையின் உடல், மறுபக்கம் யானையின் உடல். இரண்டுக்கும் தலை ஒன்றுதான். வழிகாட்டி உள்ளங்கையால் காளையின் உடலை மறைப்பார், யானை நிற்கும். கையை நகர்த்தி யானையின் உடலை மறைப்பார். அதே தலையோடு காளை நிற்கும். கல்லில் ஒரு கோடும் மாறியிருக்காது.

12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் இராசராசன் எடுப்பித்த கோயில் இது. இந்திரனின் வெள்ளை யானையான ஐராவதம் வழிபட்ட தலம் என்கிறது தலபுராணம். காளையோ சிவனின் ஊர்தி. ஆக, வழிபட்டதும் வழிபடப்பட்டவனின் ஊர்தியும் ஒரே தலையில் கூடியிருக்கின்றன என்று விளக்கம் சொல்லலாம். அது பொருந்தவும் செய்கிறது. ஆனால் ஐராவதத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாத வேறு கோயில்களிலும் இதே சிற்பம் இருக்கிறது. கைவேலைத் திறமையைக் காட்டுவதற்காகச் சிற்பி செய்த வேடிக்கை என்றும் கொள்ளலாம். இரண்டில் எது சரி என்று சிற்பியைக் கேட்க வழியில்லை.

இந்த உரை எடுத்துக்கொண்ட கேள்வி இங்கேதான் பிறக்கிறது. ஒரு சின்னத்தில் ஒளிந்திருக்கும் பொருள் யாருடையது? வரைந்தவர் வைத்த பொருள் ஒன்று. பார்த்தவர்களுக்கு வாய்த்த பொருள் இன்னொன்று. வைத்த பொருளைக் கண்டுபிடிப்பதில் ஒரு மகிழ்ச்சி இருக்கிறது. பல சமயம் கதை அதோடு முடிந்துவிடுகிறது. வழக்கு, தேர்தல், கொடி, பணம் என்று வந்துவிட்டாலோ செல்லுபடியாவது பெரும்பாலும் வாய்த்த பொருள்தான். கீழே வரும் எடுத்துக்காட்டுகள் அதைக் காட்டும்.

வெற்றிடத்தில் ஓர் அம்பு

வைத்த பொருளுக்கு உலகம் முழுவதும் சொல்லப்படும் எடுத்துக்காட்டு, அமெரிக்கக் கூரியர் நிறுவனமான ஃபெடெக்ஸின் இலச்சினை. லேண்டர் என்ற வடிவமைப்பு நிறுவனத்தில் இருந்த லிண்டன் லீடர் 1994இல் அதை உருவாக்கினார். ஐந்தே ஆங்கில எழுத்துகள், இரண்டு நிறங்கள். படம் என்று எதுவும் கிடையாது. ஆனால் கடைசி இரண்டு எழுத்துகளான ‘ஈ’க்கும் ‘எக்ஸ்’க்கும் நடுவே விழும் வெள்ளை இடத்தை மட்டும் பார்த்தால், வலப்பக்கம் பாயும் அம்பு தெரியும். ‘ஈ’யின் நடுக்கோட்டுக்கும் அடிக்கோட்டுக்கும் இடைப்பட்ட சந்து அம்பின் தண்டு, ‘எக்ஸ்’ஸின் இடப்பக்கப் பள்ளம் அதன் முனை. ஒருமுறை கண்ணில் பட்டுவிட்டால் பிறகு அதைப் பார்க்காமல் இருக்க முடியாது.

அந்த அம்பு தானாக விழுந்ததல்ல. யுனிவர்ஸ், ஃபியூச்சுரா என்ற இரண்டு எழுத்துருக்களின் சாயலை எடுத்துக்கொண்டு, ‘எக்ஸ்’ஸின் உயரத்தைக் கூட்டி, எழுத்துகளை நெருக்கி, லீடர் அதைச் செதுக்கி எடுத்தார். இலச்சினை ஏற்கப்பட்ட பிறகு, அம்பை இன்னும் எடுப்பாகக் காட்டலாமே என்று யோசனை வந்தது. அவர் சம்மதிக்கவில்லை. எல்லோர் கண்ணிலும் பட்டாக வேண்டும் என்று நினைத்திருந்தால் அம்பையே படமாகப் போட்டிருக்கலாம். கண்டுபிடித்தவர் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்ல வேண்டும். அதில்தான் அந்த இலச்சினையின் ஆயுள் இருக்கிறது.

இது ஏன் நடக்கிறது என்பதை டென்மார்க் உளவியலாளர் எட்கர் ரூபின் 1915இலேயே ஆராய்ந்திருந்தார். வெள்ளைப் பூச்சாடியா, எதிரெதிரே பார்க்கும் இரண்டு கறுப்பு முகங்களா என்று மயங்க வைக்கும் படம் அவர் பெயரால்தான் வழங்குகிறது. கண் எப்போதும் ஒன்றை உருவாகவும் மற்றதைப் பின்புலமாகவும் பிரித்துக்கொள்கிறது. இரண்டையும் ஒரே கணத்தில் உருவாகப் பார்க்க அதனால் முடிவதில்லை. தாராசுரத்து வழிகாட்டியின் உள்ளங்கை செய்வது இந்தப் பிரிப்பு வேலையைத்தான்.

அமேசான் நிறுவனம் 2000இல் ஏற்ற இலச்சினையில் ‘ஏ’யிலிருந்து ‘இசட்’ வரை வளைந்தோடும் மஞ்சள் கோடு, எல்லாப் பொருளும் கிடைக்கும் என்று சொல்லும் அம்பு, அதுவே புன்னகையும்கூட. டோப்ளரோன் சாக்லேட் உறையில் இருந்த மேட்டர்ஹார்ன் மலைக்குள் ஒரு கரடி நின்றது. கரடி, அந்தச் சாக்லேட் பிறந்த பெர்ன் நகரத்தின் சின்னம். 2023இல் உற்பத்தியின் ஒரு பகுதி சுவிட்சர்லாந்துக்கு வெளியே போகும் என்றானபோது, உறையிலிருந்து மேட்டர்ஹார்னை எடுத்துவிட்டு ஏதோ ஒரு மலையைப் போட வேண்டியதாயிற்று. முழுக்க உள்நாட்டில் தயாராகாத பால் பொருள்கள் சுவிஸ் அடையாளங்களைக் காட்டிக்கொள்ள அந்நாட்டுச் சட்டம் இடம் தருவதில்லை. மேட்டர்ஹார்ன் என்பது வெறும் மலைப்படம் இல்லை, ‘இது சுவிட்சர்லாந்துச் சரக்கு’ என்ற வாக்குறுதி என்று சட்டம் வாசித்தது.

ஒரு முத்திரையில் மூன்று அரசுகள்

சின்னத்தில் இரண்டாவது பொருளை வைப்பது விளம்பரக்காரர்களின் கண்டுபிடிப்பல்ல. சோழர் செப்பேடுகளைக் கோத்திருக்கும் வளையத்தில் ஒரு வட்ட முத்திரை இருக்கும். முதலாம் இராசேந்திரனின் முத்திரையில் புலி அமர்ந்திருக்கிறது; கூடவே இரண்டு கயல், ஒரு வில்; மேலே வெண்கொற்றக் குடை, இருபுறமும் சாமரம்; சுற்றிலும் வடமொழி வாசகம்.

புலி சோழருடையது. கயல் பாண்டியருடையது, வில் சேரருடையது. தன் முத்திரையில் அடுத்தவர் சின்னத்தை ஏன் பொறிக்க வேண்டும்? வென்றவன் குடைக்கீழ் தோற்றவர்கள் வந்து சேர்ந்துவிட்டார்கள் என்று அறிவிக்கத்தான். சுற்றியுள்ள வாசகத்தைப் படிக்கத் தெரியாத ஊர்க் கணக்கனுக்கும் அது புரிந்திருக்கும். தஞ்சாவூரில் அதைப் பார்க்கிறவருக்கு அது பெருமிதம். மதுரையில் பார்க்கிறவருக்குத் தன் குலக்கொடியின் மீன் இன்னொருவன் புலிக்கு முன்னால் கிடப்பதைக் காணும் சங்கடம். வைத்தவன் ஒருவன், வைத்த பொருள் ஒன்று. ஆனாலும் அது எங்கே, யார் கையில் கிடைக்கிறது என்பதைப் பொறுத்து இரண்டாகிவிட்டது.

பின்னால் முளைத்த கதைகள்

வரைந்தவர் நினைத்தே பார்க்காத பொருள் சின்னத்தின் மேல் வந்து ஏறுவதும் உண்டு. ஆப்பிள் நிறுவனத்தின் முதல் இலச்சினை 1976இல் ரொனால்டு வெய்ன் வரைந்தது. மரத்தடியில் நியூட்டன் உட்கார்ந்திருக்கும் நுணுக்கமான படம். மறு வருடமே அது போய், ராப் ஜனாஃப் வரைந்த கடித்த ஆப்பிள் வந்தது. அந்தக் கடி எதற்கு? கணினியியலின் முன்னோடி ஆலன் டூரிங் 1954இல் சயனைடு நஞ்சால் இறந்தபோது அவர் படுக்கை அருகே பாதி தின்ற ஆப்பிள் கிடந்தது. அவருக்கான அஞ்சலிதான் இந்தக் கடி என்று ஒரு கதை. ஏவாள் கடித்த கனி என்று இன்னொரு கதை. ஜனாஃப் சொன்ன காரணமோ சாதாரணமானது. சிறிதாக அச்சிடும்போது செர்ரிப் பழம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்பதற்காக ஒரு கடி கொடுத்தார். டூரிங் கதையை அவர் மறுத்தும், அது உயிரோடுதான் இருக்கிறது.

பி.எம்.டபிள்யூ காரின் நீல வெள்ளை வட்டத்தைச் சுழலும் விமான உந்துவிசிறி என்று பலரும் நம்புகிறார்கள். 1917இல் அந்த வட்டம் பதிவானபோது அதில் இருந்தது பவேரியா மாநிலத்தின் நிறங்கள்தான். மாநிலச் சின்னங்களை வணிகத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்ற சட்டத்துக்காக நிறங்களின் வரிசை மட்டும் மாற்றப்பட்டது. அப்போது அது விமான எஞ்சின் செய்த நிறுவனம். 1929இல் வந்த விளம்பரம் ஒன்று அந்த வட்டத்தைச் சுழலும் விசிறிக்குள் வைத்துக் காட்டியது. விளம்பரம் மறைந்தது, விசிறி நிலைத்தது. கேட்க நன்றாக இருந்ததால் நிறுவனமும் நெடுங்காலம் அதைத் திருத்தப் பாடுபடவில்லை.

இந்தியாவில் இதற்கு இணையாகச் சொல்லக்கூடியது பாரத ஸ்டேட் வங்கியின் நீல வட்டம். அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தைச் சேர்ந்த சேகர் காமத் 1971இல் உருவாக்கியது அது. பணப் பாதுகாப்பைக் காட்டும் சாவித்துவாரம் என்பார் ஒருவர். பெரிய நிறுவனத்தின் நடுவே நிற்கும் சாதாரண மனிதன் என்பார் மற்றொருவர். அகமதாபாதின் காங்கரியா ஏரியை மேலிருந்து பார்த்தால் இப்படித்தான் இருக்கும், அங்கிருந்துதான் எடுத்தார்கள் என்பார் மூன்றாமவர். ஏரி உண்மையிலேயே வட்டம். நடுவில் ஒரு திட்டு. அதற்குக் கரையிலிருந்து ஒரு பாதை. வடிவமைப்பு நிறுவனமும் அதே ஊரில் இருக்கிறது. ஒரு கதை வேர்விட இவ்வளவு போதும்.

தமிழக அரசின் இலச்சினைக்கே இப்படி ஒரு தீராத பேச்சு உண்டு. 1949இல் ஓவியர் ஆர். கிருஷ்ணராவ் வரைந்த அந்தக் கோபுரம் எந்தக் கோபுரம்? ஸ்ரீவில்லிபுத்தூர் என்பது பள்ளிப் பாடம் முதல் போட்டித் தேர்வு வரை பரவிய விடை. மதுரை மீனாட்சியம்மன் கோயிலின் மேற்குக் கோபுரம் என்று வாதிடுவோரும் இருக்கிறார்கள். இரண்டு ஊர்க்காரர்களும் அரசாங்கக் கடிதத்தின் தலைப்பில் தங்கள் ஊரைத்தான் பார்க்கிறார்கள்.

வாசிப்பின் விலை

பொருள் ஏற்றுவது எப்போதும் தீங்கில்லாத பொழுதுபோக்காக இருப்பதில்லை. சோப்பு, பற்பசை விற்கும் ப்ராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனத்தின் பழைய முத்திரையில் பிறைநிலாவாகத் தாடிக்கார முகமும் எதிரே 13 நட்சத்திரங்களும் இருந்தன. நட்சத்திரங்கள் அமெரிக்காவின் ஆரம்பகால 13 குடியேற்றங்களுக்காக. 1980களில் சிலர் அந்தத் தாடிச் சுருளில் 666 என்ற எண்ணைக் கண்டார்கள். நட்சத்திரங்களைக் கோடிட்டு இணைத்து அதிலும் அதே எண்ணைக் கண்டார்கள். விவிலியத்தில் அது கெட்ட சக்தியின் எண். நிறுவனம் சாத்தானை வழிபடுகிறது என்ற வதந்தி தேவாலயம் தேவாலயமாகப் பரவியது. மறுத்து மறுத்து அலுத்து, 1985இல் பொருள்களின் உறைகளிலிருந்து முத்திரையை எடுத்துவிட்டார்கள். வதந்தியைப் பரப்பியதாகப் போட்டி நிறுவனமான ஆம்வேயின் முன்னாள் விநியோகஸ்தர்கள் மேல் நடந்த வழக்கில், 2007இல் 1 கோடியே 92 லட்சத்து 50 ஆயிரம் டாலர் இழப்பீடு தீர்ப்பானது. வழக்கில் வென்றும் முத்திரை பழைய இடத்துக்குத் திரும்பவில்லை.

இந்தியாவில் 2021 ஜனவரியில் மிந்த்ரா என்ற ஆடை விற்பனை நிறுவனம் இன்னும் வேகமாகப் பணிந்தது. அதன் ‘எம்’ எழுத்து பெண்ணின் உடலை இழிவாகக் காட்டுகிறது என்று மும்பை சைபர் குற்றப் பிரிவில் புகார் வந்தது. பல வருடங்களாக அந்த எழுத்தை ஆடைப் பொட்டலங்களில் பார்த்தவர்களில் பெரும்பாலோருக்கு அதுவரை அப்படித் தோன்றியதே இல்லை. புகார் செய்தியானதும் எல்லோருக்கும் தோன்றிவிட்டது. நிறுவனம் இலச்சினையை மாற்றிக்கொண்டது.

எல்லா இலையும் இரட்டை இலை

தேர்தல் சின்னங்களில் இந்த விளையாட்டு தமிழ்நாட்டில் முற்றியதுபோல் வேறெங்கும் முற்றியிருக்குமா என்பது சந்தேகம். 1973 திண்டுக்கல் இடைத்தேர்தலில், கட்சி தொடங்கிச் சில மாதங்களே ஆன அதிமுகவின் வேட்பாளர் மாயத்தேவர் இரட்டை இலையில் நின்று வென்றார். தேர்தல் அதிகாரியிடம் இருந்த சின்னங்களில் ஒன்று அது. அதற்குப் பின்னால் தத்துவம் எதுவும் இல்லை. வெற்றிக்குப் பிறகு அதில் ஏறிய பொருளைக் கழற்ற முடியவில்லை. ஆங்கிலேயர் வெற்றிக்குக் காட்டிய இரண்டு விரல் தமிழ்நாட்டில் இரட்டை இலை ஆனது. வாக்குச்சாவடி வாசலில் ஒருவர் இரண்டு விரலைக் காட்டினால், அவர் வெற்றியைச் சொல்கிறாரா, ஓட்டுக் கேட்கிறாரா?

2012இல் மெரினாவில் எம்.ஜி.ஆர். நினைவிடத்தின் முகப்பு புதுப்பிக்கப்பட்டது. அங்கே எழுந்த பறக்கும் குதிரைச் சிலையையும் அதை ஒட்டிய அமைப்பையும் பார்த்து, இது அரசுப் பணத்தில் கட்டிய இரட்டை இலை என்று எதிர்ப்பு கிளம்பி நீதிமன்றம் வரை போனது. அது குதிரையின் சிறகு என்றது அரசுத் தரப்பு. அடுத்த ஆண்டு சென்னையில் சிறிய பேருந்துகள் ஓடத் தொடங்கின. அவற்றின் பக்கவாட்டில் பச்சை இலைகள் வரைந்திருந்தன. இயற்கையைக் குறிக்கும் இலைகள் என்றது அரசு. கட்சிச் சின்னம் என்றது திமுக. எத்தனை இலை, எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, காம்பு எங்கே சேர்கிறது என்றெல்லாம் தெருமுனையில் ஆராய்ச்சி நடந்தது. 2014 மக்களவைத் தேர்தல் நெருங்கியபோது அந்த இலைகளை மறைக்கும்படி தேர்தல் ஆணையம் உத்தரவிட்டது. வரைந்தவர் மனத்தில் என்ன இருந்தது என்று ஆணையம் துருவ வேண்டியிருக்கவில்லை. வாக்காளர் கண்ணில் என்ன படும் என்பதே அதன் கவலை.

2017 மார்ச்சில் கட்சி இரண்டாகி, இரட்டை இலை முடக்கப்பட்டது. ஆர்.கே. நகர் இடைத்தேர்தலுக்கு ஒரு அணி தொப்பியை வாங்கியது. ஓ. பன்னீர்செல்வம் அணி வாங்கியது, இருபுறமும் விளக்குத் தொங்கும் மின்கம்பம். நடுவில் தண்டு, மேலே இடமும் வலமுமாக இரண்டு வளைவு. சுவரில் பச்சை மையால் கொஞ்சம் தாராளமாக வரைந்தால் அது எதுபோல் இருக்கும் என்பதை அந்தத் தொகுதியில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. மின்கம்பத்தை இரட்டை இலை போலக் காட்டிப் பிரசாரம் செய்கிறார்கள் என்று ஆணையத்துக்குப் புகாரும் போனது. ஃபெடெக்ஸ் அம்பைக் கண்டுபிடிக்கக் கூர்ந்து பார்க்க வேண்டும். இந்த இலையைப் பார்க்காமல் இருக்கத்தான் முயற்சி தேவைப்பட்டது.

வாள் நீளும் பக்கம்

கொடியில் இருபொருள் வந்தால் அது விளையாட்டாக இருப்பதில்லை. இலங்கையின் தேசியக் கொடி 1951இல் ஏற்கப்பட்டது. கண்டி அரசின் சிங்கம் செந்நிறப் பரப்பில் வாளேந்தி நிற்கிறது. கம்பத்தை ஒட்டிய பக்கத்தில் இரண்டு பட்டைகள்: பச்சை முஸ்லிம்களுக்கு, செம்மஞ்சள் தமிழர்களுக்கு. எல்லா இனங்களும் ஒரே கொடியில் என்பதே அரசு சொன்ன விளக்கம்.

கொடியை வடிவமைக்க அமைந்த குழுவில் தமிழர்களும் இருந்தார்கள். ஜி.ஜி. பொன்னம்பலம் இணங்கினார், செனட்டர் எஸ். நடேசன் இணங்க மறுத்தார். அவர் பார்த்தது நிறங்களை அல்ல, எல்லைக்கோட்டை. சிங்கம் தனக்கென்று மஞ்சள் கரையிட்ட கட்டத்துக்குள் நிற்கிறது; சிறுபான்மையினரின் பட்டைகள் அந்தக் கட்டத்துக்கு வெளியே. பின்னாளில் தமிழர்கள் இன்னொன்றையும் சேர்த்து வாசித்தார்கள்: சிங்கம் பார்ப்பது அந்தப் பட்டைகளின் பக்கம், வாளும் அந்தப் பக்கமே. 1972இல் கட்டத்தின் நான்கு மூலைகளிலும் அரச இலைகள் இடம்பெற்றன. பௌத்தத்தின் நான்கு நற்குணங்களான அன்பு, கருணை, பிறர் மகிழ்ச்சியில் மகிழ்தல், சமநிலை ஆகியவை அவை என்று அரசு விளக்கியது. ஒருவருக்கு அது அறத்தின் குறி. மற்றவருக்கு அரச சமயத்தின் முத்திரை. விளக்கக் குறிப்பு எவ்வளவு நல்லெண்ணத்தோடு எழுதப்பட்டாலும், கொடி பறக்கும் இடத்தில் அந்தக் குறிப்பு கூடவே பறப்பதில்லை.

இரண்டு கோடுகளுக்கு நடுவே

ரூபாய்க் குறியீட்டை ஒரு நாணயத்திலோ புதிய நோட்டிலோ கூர்ந்து பார்த்தால் மேலே இரண்டு கிடைக்கோடுகள் தெரியும். அதை வடிவமைத்த த. உதயகுமார் மும்பை ஐ.ஐ.டி.யில் தமிழ் எழுத்துருவியலை ஆராய்ந்தவர், தமிழ்நாட்டுக்காரர். போட்டிக்கு வந்த 3,000க்கும் மேற்பட்ட வடிவங்களிலிருந்து ஐந்து தேர்வாகி, அவற்றுள் அவருடையதை மத்திய அமைச்சரவை 2010 ஜூலை 15 அன்று ஏற்றது. பரிசு இரண்டரை லட்சம் ரூபாய்.

அதற்குள் அவர் வைத்த பொருள்கள் பல. தேவநாகரி ‘ர’ ஒன்று. செங்குத்துத் தண்டு நீங்கிய ஆங்கில ‘ஆர்’ இன்னொன்று. தேவநாகரி எழுத்துகளின் உச்சியில் ஓடும் தலைக்கோடு இங்கே மேற்கோடாகிறது. இரண்டு கோடுகளும் நடுவில் விட்ட வெள்ளை இடமும் சேர்ந்து மூவர்ணக் கொடி. ஃபெடெக்ஸ் அம்பைப் போலவே இங்கேயும் மறைபொருள் குடியிருப்பது மையில்லாத இடத்தில்.

2025 மார்ச்சில் தமிழக அரசு தன் நிதிநிலை அறிக்கையின் இலச்சினையில் அந்தக் குறியீட்டை விட்டுவிட்டு, ‘ரூ’ என்ற தமிழ் எழுத்தைப் போட்டது. மும்மொழிக் கொள்கைச் சண்டை உச்சத்தில் இருந்த நேரம். 15 வருடமாகக் கடைப்பலகையிலும் கைப்பேசியிலும் யாரும் கவனிக்காமல் கடந்துபோன தலைக்கோடு, ஒரே நாளில் இந்தி ஆயிற்று. எதிர்த்தவர்களுக்கோ ‘ரூ’ என்ற எழுத்து பிரிவினை ஆயிற்று. வடிவமைத்தவர் திமுக முன்னாள் சட்டமன்ற உறுப்பினரின் மகன் என்பதை மத்திய நிதியமைச்சர் நினைவூட்டினார். தமிழர் செய்த குறி என்பதால் அது தமிழ்க்குறி ஆகிவிடுமா, தேவநாகரி சாயல் இருப்பதால் இந்திக்குறி ஆகிவிடுமா என்று விவாதம் ஓடியது. குறியீட்டில் ஒரு கோடும் மாறவில்லை.

இதற்கெல்லாம் முன்பே தமிழுக்கு ஒரு ரூபாய்க் குறி இருந்தது: ௹. கணக்குப்பிள்ளைகள் பேரேட்டில் எழுதிய அந்தக் குறி இன்று யூனிகோடு தமிழ்ப் பட்டியலில் இருக்கிறது. பற்று ௶, வரவு ௷, மேற்படி ௸ ஆகியவையும் அதன் பக்கத்திலேயே இருக்கின்றன. நிதிநிலை அறிக்கையின் இலச்சினைக்கு வந்தது அதுவல்ல. எல்லோருக்கும் வாசிக்கத் தெரிந்த ‘ரூ’தான். அரசியல் குறிக்கு அது சரியான தேர்வும்கூட, ஏனென்றால் ௹ இன்று பெரும்பாலோருக்கு ஒரு பொருளும் தராத கோட்டுச் சுருள்.

இந்தச் சொற்பொழிவைக் கேட்க வந்திருக்கும் ஆய்வு மாணவர்களுக்கு அங்கே ஒரு வேலை காத்திருக்கிறது. செட்டிநாட்டு வீடுகளிலும் கோயில் அலுவலகங்களிலும் பழைய ஜவுளிக் கடைகளிலும் கிடக்கும் பேரேடுகளைப் படம்பிடித்து, ௹ எந்த ஊரில், எந்த ஆண்டில், எந்தக் கை வடிவில் எழுதப்பட்டது என்று தொகுக்கலாம். அரசு இலச்சினைகளை வரைந்த ஓவியர்களின் முன்வரைவுகளையும் கோப்புக் குறிப்புகளையும் அதோடு சேர்த்துத் திரட்டலாம். ஸ்ரீவில்லிபுத்தூரா மதுரையா என்ற வழக்குக்கு அப்படியொரு தொகுப்பில் விடை கிடைக்கக்கூடும். கிடைத்தாலும் இரண்டு ஊர்க்காரர்களும் அதை ஏற்றுக்கொள்வார்கள் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.